டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, வத்தக்குழம்பு பேஸ்ட் செய்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறார். மாட்டுங்கா, முலுண்ட், டோம்பிவிலி என்று ஆரம்பித்த ஆர்டர் இப்போது புனே, அகமதாபாத் வரை போகிறதாம். சொந்தமாக வெப்சைட் வேண்டும். அதன் முகவரியாக, அதாவது டொமைனாக, நினைத்த பெயர் டாட் காமில் வேறு யாரிடமோ இருக்கிறது, 2 லட்சம் ரூபாய் கேட்கிறார்கள், கொடுக்கலாமா? டாட் இன் எடுத்தால் மதிப்பு குறைவா? எத்தனை வருஷத்துக்கு எடுப்பது? வெப்சைட் செய்து தரும் பையன், "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நானே பார்த்துக்கறேன் ஆன்ட்டி, வருஷத்துக்கு ஒரே பேக்கேஜ்" என்கிறான் (ஹோஸ்டிங் என்றால் வெப்சைட்டை வைத்திருக்கும் கணினி இடம்), அவனிடமே விட்டுவிடலாமா? புது லேபிள் அச்சுக்குப் போக வேண்டியிருப்பதால் அதில் வெப்சைட் முகவரி போடலாமா என்றும் கேட்கிறார். பெயரை மட்டும் வெளியிட வேண்டாம் என்கிறார். சரியான முன்யோசனை. அதில் ஒரு 'ழ' வருகிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன், அது பின்னால் தேவைப்படும்.

டிசைனர் பையன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மற்றவற்றில் பிசகினால் கொஞ்சம் பணம்தான் போகும், இதில் பிசகினால் டொமைனே கையைவிட்டுப் போகலாம். விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் பதில். பையன் தங்கமானவனாகவே இருக்கட்டும். நாளை அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கலாம், போன் நம்பர் மாறலாம், உங்களுக்கும் அவனுக்கும் பாக்கித் தொகையில் மனஸ்தாபம் வரலாம். அன்றைக்கு டொமைன் யார் கணக்கில், யார் மின்னஞ்சலில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் நடக்கும்.

டொமைனை 'வாங்குகிறோம்' என்று பேச்சுக்குச் சொன்னாலும் அது நமக்குச் சொந்தமாவதில்லை. குறிப்பிட்ட வருஷங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பதிவு செய்கிறோம், அவ்வளவுதான். மும்பையில் பகடி வீட்டில், அதாவது முன்பணம் கொடுத்துத் தலைமுறையாக வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில், இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். எத்தனை தலைமுறை குடியிருந்தாலும் வாடகை ரசீது யார் பெயரில் என்றுதான் முதலில் கேட்பார்கள். டொமைனிலும் காசு கொடுத்தது யார் என்பதைவிட, பதிவில் உரிமையாளராக யார் பெயர் இருக்கிறது என்பதே பேசும். பல டிசைனர்கள் கெட்ட எண்ணமே இல்லாமல், எல்லா வாடிக்கையாளர்களின் டொமைனையும் தங்கள் ஒரே கணக்கில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது வசதி.

ஆகவே ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைன் பதிவு செய்யும் நிறுவனத்திடம், உங்கள் பெயரில் நீங்களே ஒரு கணக்கு தொடங்குங்கள். பத்து நிமிஷ வேலை. உரிமையாளர் பெயர், முகவரி, போன் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். ஜிஎஸ்டி எண் இருந்தால் பில்லும் அதிலேயே வரட்டும். டாட் இன் பதிவுக்கு அடையாள ஆவணம் கேட்டால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். ஓடிபி அல்லது ஆத்தென்டிகேட்டர் ஆப் மூலம் இரட்டைப் பாதுகாப்பைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, அனுபவசாலிகளும் கோட்டை விடுவது. ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அதில் ஓடும் மின்னஞ்சலும் நின்றுவிடும். நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்டு மறந்தால் மாற்றும் லிங்க்கும் வராது. பூட்டிய வீட்டுக்குள் சாவியை வைத்த கதை. ஜிமெயில் மாதிரி தனி முகவரி கொடுங்கள். டாட் காம் என்றால் பதிவு செய்தவுடன் சரிபார்க்கச் சொல்லி ஒரு மெயில் வரும். 15 நாளுக்குள் அதிலுள்ள லிங்க்கை அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஸ்பேம் பெட்டியிலும் பாருங்கள்.

அப்புறம் பையனுக்கு என்ன கொடுப்பது? ஹோஸ்டிங்கையும் வெப்சைட்டையும் அவன் பார்த்துக்கொள்ளட்டும். டொமைனில் அவனுக்கு வேண்டியது, அந்தப் பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் அமைப்பில் ஓரிரு வரிகள் மாற்றுவது மட்டுமே. சில ரெஜிஸ்ட்ரார்களிடம் பாஸ்வேர்டு தராமலேயே அந்த அளவு அனுமதி மட்டும் கொடுக்க முடியும். அந்த வசதி இல்லாவிட்டால் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே மாற்றுங்கள். மாற்றும் முன் பழைய அமைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நேம்சர்வரை, அதாவது அந்த அமைப்பை வைத்திருக்கும் சர்வரை, மாற்றும்போது மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் பதிவைப் புது இடத்தில் சேர்க்க மறந்துவிடுவார்கள். வெப்சைட் பளபளவென்று திறக்கும், ஆர்டர் மெயில் ஒன்றுகூட வந்து சேராது.

இதைப் படிக்கும் வேறு சிலருடைய டொமைன் ஏற்கெனவே டிசைனர் கணக்கில் இருக்கலாம். சண்டை வருவதற்கு முன்பே, நல்ல உறவு இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்கு தொடங்கினால் அங்கிருந்து இங்கே நகர்த்திவிடலாம், பெரும்பாலும் செலவில்லை. வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போவதென்றால், டொமைனை நகர்த்தவிடாமல் கணக்கில் போட்டிருக்கும் பூட்டைத் திறந்து ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டை வாங்க வேண்டும். டாட் காம் பெயர்களுக்கு, பதிவு செய்து 60 நாள் ஆகாவிட்டால் அப்படி மாற்ற முடியாது. உரிமையாளர் பெயரை மாற்றினாலும் 60 நாள் பூட்டு விழக்கூடும் என்பதால் எதை முதலில் செய்வது என்று ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இனி பெயர். உங்கள் பெயரில் 'ழ' இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. தமிழ்நாட்டில் பாதிப் பேர் அதை இசட் ஹெச் போட்டு எழுதுவார்கள், மீதிப் பேர் எல் போடுவார்கள். உங்கள் குஜராத்தி வாடிக்கையாளர் என்ன போடுவார் என்று அவருக்கே தெரியாது. இதோடு நெடில் ஊகாரத்துக்கு இரண்டு ஓ வா ஒரு யூ வா, தகரத்துக்கு டி மட்டுமா ஹெச்சும் உண்டா என்ற குழப்பமும் சேர்ந்தால் ஒரே பெயருக்கு ஏழெட்டு எழுத்துக்கூட்டு வந்துவிடும். பெயரை போனில் ஒருமுறை மட்டும் சொல்லி நான்கு பேரை டைப் செய்யச் சொல்லுங்கள்: கூரியர்காரர், மாடி வீட்டு மராத்திக் குடும்பம், திருநெல்வேலி உறவு, கல்லூரி போகும் ஒரு பிள்ளை. மூன்று பேர் சரியாக அடித்தால் அந்தப் பெயர் ஓடும். இல்லையென்றால் பெயரை மாற்றுங்கள், அல்லது அதிகம் பேர் தவறாக அடிக்கும் எழுத்துக்கூட்டையும் சேர்த்துப் பதிவு செய்து இரண்டையும் ஒரே வெப்சைட்டுக்குத் திருப்புங்கள். இடைக்கோடும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். 'பொடி' என்ற சொல்லையும் டொமைனில் போட வேண்டாம் என்பேன். அடுத்த வருஷம் ஊறுகாய் போடாமலா இருக்கப் போகிறீர்கள்?

தமிழ் எழுத்திலேயே முகவரி கிடைக்குமா என்று சிலர் கேட்பதுண்டு. கிடைக்கும், முடிவில் '.இந்தியா' என்றே தமிழில் வரும். ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பல படிவங்கள் அத்தகைய முகவரிகளை ஏற்பதில்லை, சில இடங்களில் அது புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரியும். கடையின் முதன்மை முகவரியாக அது வேண்டாம்.

பெயரை முடிவு செய்யும் முன் டிரேட்மார்க் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். அதில் பொருள்களையும் சேவைகளையும் எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: மசாலா, பொடி வகைகள் 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29, ஆன்லைன் விற்பனைச் சேவை 35. டொமைன் காலியாக இருக்கிறது என்பதால் பெயர் காலியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இதில் முக்கியமான தீர்ப்பு நம்மூரிலேயே வந்திருக்கிறது. 'ரெடிஃப்' பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி 'ரேடிஃப்' என்று டொமைன் வைத்தவர்களை 1999-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடுத்தது. டொமைனுக்கென்று தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், பிறர் பெயரில் பிழைப்பு நடத்துவதைத் தடுக்கும் டிரேட்மார்க் சட்டக் கோட்பாடு இதற்கும் பொருந்தும் என்று 2004-இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இது இரண்டு பக்கமும் வெட்டும். முன்பே அந்தப் பெயரில் வியாபாரம் செய்பவர் உங்களை நிறுத்தலாம். உங்களைப் பார்த்து இன்னொருவர் வைத்தால் நீங்களும் நிறுத்தலாம். அதற்கு ஆதாரம் வேண்டும் என்பதால் பழைய பில், லேபிள் மாதிரி, இன்ஸ்டாகிராமில் போட்ட முதல் படம் எதையும் அழிக்காதீர்கள்.

முடிந்தால் டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மும்பை அலுவலகம் உங்களுக்குப் பக்கத்திலேயே ஆண்டாப் ஹில்லில் இருக்கிறது, போக வேண்டிய அவசியம்தான் இல்லை.

2 லட்சம் கேட்பவருக்கு? கொடுக்காதீர்கள். பொடி வியாபாரத்தில் 2 லட்சம் என்பது எத்தனை கிலோ உளுந்து என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த டாட் காம் சும்மா விற்பனைக்கு வைத்த வெற்றுப் பக்கமாக இருந்தால், அதே பெயரின் டாட் இன்னை எடுத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அங்கே வேறொருவர் உணவுப் பொருளே விற்கிறார் என்றால் கதை வேறு. அப்போது டாட் இன் முகவரியும் வேண்டாம், பெயரையே மாற்றுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் செய்யும் விளம்பரத்தில் பாதி அவருக்குப் போகும், வக்கீல் நோட்டீஸ் உங்களுக்கு வரும். என்றைக்காவது விலை கொடுத்து வாங்க நேர்ந்தால், டொமைன் கைமாறும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகவே கொடுங்கள். முன்பின் தெரியாதவருக்கு யுபிஐயில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

டாட் இன் மதிப்புக் குறைவானதல்ல. நிக்சி என்ற இந்திய அமைப்பு அதை நிர்வகிக்கிறது, 2005-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். உங்கள் பார்சல் இந்தியாவுக்குள்தான் போகிறது என்றால் அது போதும். துபாய், சிங்கப்பூர் எண்ணம் இருந்தால் காமும் கிடைக்கும் பெயராகப் பார்த்து இரண்டையும் எடுங்கள். டாட் ஷாப், டாட் ஸ்டோர் போன்றவற்றை முதல் வருஷம் அள்ளிக் கொடுப்பார்கள், இரண்டாம் வருஷ பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். எந்த முடிவெழுத்தானாலும் சலுகை விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ரின்யூவல் விலைதான் உண்மையான விலை. பணம் கட்டும் பக்கத்தில் தானாகவே டிக் ஆகியிருக்கும் கூடுதல் சேவைகளையும் எடுத்துவிடுங்கள். வெப்சைட்டில் போய்வரும் தகவலைப் பிறர் படிக்காமல் காக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு மூலம் இலவசமாகவே கிடைக்கும், பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் கேட்காமலே போட்டுத் தருகின்றன.

எத்தனை வருஷம் என்றால், ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குப் பதிவு செய்யலாம். உங்களுக்கு மூன்று போதும். பெயர் நிலைக்குமா என்று தெரிந்துவிடும், வருஷா வருஷம் மறக்கும் அபாயமும் குறையும். ஆட்டோ ரின்யூவல் போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிகள் வந்த பிறகு, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே உங்கள் சம்மதம் பதிவாகியிருக்க வேண்டும். வெளிநாட்டு ரெஜிஸ்ட்ரார்களிடம் இந்தியக் கார்டு தானாக வேலை செய்யாமல் போவது சகஜம். போன் காலண்டரில் ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வையுங்கள், வீட்டில் இன்னொருவர் போனிலும் வையுங்கள். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட்டே ஹாட்மெயில் லாகினுக்குப் பயன்பட்ட ஒரு டொமைனுக்குப் பணம் கட்ட மறந்து, யாரோ ஒரு புரோகிராமர் தன் கார்டில் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார். நமக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள்.

காலாவதியானாலும் உடனே கைவிட்டுப் போவதில்லை. டாட் காமில் ரெஜிஸ்ட்ரார் பெரும்பாலும் சில வாரம் பழைய விலைக்கே தருவார். அது தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது கட்டணம் பல மடங்கு. அதுவும் போனால் 5 நாளில் பொதுவில் விழுந்துவிடும், அல்லது அதற்கு முன்பே ஏலத்துக்குப் போயிருக்கும்.

பதிவு செய்த சில நாளிலேயே விதவிதமான மெயில்கள் வர ஆரம்பிக்கும். 'உங்கள் டொமைன் காலாவதியாகிறது, உடனே கட்டவும்' என்று பில் மாதிரியே ஒன்று வரும். 'உங்கள் பெயரை ஒரு சீன நிறுவனம் பதிவு செய்யக் கேட்கிறது, நீங்கள் முந்திக்கொள்கிறீர்களா' என்று அக்கறையோடு ஒன்று வரும். இரண்டும் பழைய ஏமாற்று வேலை. எந்த மெயிலில் உள்ள லிங்க்கையும் தொடாமல், உங்கள் ரெஜிஸ்ட்ரார் தளத்துக்கு நேராகப் போய் லாகின் செய்து தேதியைப் பாருங்கள்.

லேபிளை இன்றைக்கே அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். டொமைன் உங்கள் கணக்கில் தெரிந்து, சரிபார்ப்பு மெயிலை அழுத்தி, அந்த முகவரியில் 'விரைவில்' என்ற ஒற்றைப் பக்கமாவது திறந்த பிறகு கொடுங்கள். க்யூஆர் கோடு போடுவதாக இருந்தால் அது நேராக உங்கள் டொமைனுக்கே போகட்டும். இலவச க்யூஆர் தளங்கள் சில தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிடும், பிற்பாடு சந்தா கேட்கும். கட்டாவிட்டால் கடையில் இருக்கும் அத்தனை பாட்டிலிலும் கோடு செத்துவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் போனில் ஸ்கேன் செய்து, திரையில் முதலில் தெரிவது உங்கள் முகவரிதானா என்று பார்த்துவிடுங்கள்.