பழைய பேஸ், பழைய ஆம்ப்: எதைத் தொடக்கூடாது, எதை மாற்றியே ஆக வேண்டும்

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். 1973-ஆம் வருட ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் கிட்டாரும், 1966-ஆம் வருட ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்ப்பும் (இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டியோடு) சேர்ந்து விலைக்கு வந்திருக்கின்றன. “வாங்கின நாளிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றவில்லை” என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்? அடுத்த வருடம் சென்னைக்குத் திரும்புகிறேன். அங்கே இந்த ஆம்ப் ஓடுமா? பழைய பேஸுக்கு ஏன் இத்தனை மவுசு என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: விற்பவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பேஸுக்கு ஒரு பொருளும் ஆம்ப்புக்கு வேறொரு பொருளும் தருகிறது. எதுவும் மாற்றாத பேஸ் என்றால் நல்ல செய்தி. நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையே அதற்குத்தான். எதுவும் மாற்றாத 1966 ஆம்ப் என்றால், அதை உள்ளே திறந்து பார்க்கும்வரை பிளக்கில் செருகக் கூடாது. மரம், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் அலையாக்கும் காந்தச் சுருள்), டிரான்ஸ்ஃபார்மர் மூன்றும் அந்தக் காலத்துப் பொருள்கள். போனால் அதே பொருள் திரும்பக் கிடைக்காது. கண்டன்சர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்), பவர் வயர், வால்வு (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்), ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) ஆகியவை தேயவும் காயவும் செய்யும் பொருள்கள். அவற்றை மாற்றினால்தான் கருவி உயிரோடு இருக்கும்.

முதலில் மவுசு எதற்கு என்று பார்த்துவிடலாம். எதைச் சோதிக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே புரியும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். ஆளுயர டபுள் பேஸில் விரலை எங்கே வைப்பது என்பது காதின் பொறுப்பு. இதில் ஃப்ரெட் இருப்பதால் சுருதி பிசகாது; பெயரும் அதனால்தான். 1957-இல் பிக்கப்பை இரண்டாக வெட்டி, தடித்த இரண்டு தந்திகளுக்கு ஒன்று, மெல்லிய இரண்டுக்கு ஒன்று என்று சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இரண்டு சுருள்களும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்வதால் கரண்டின் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். உங்கள் 1973 பேஸிலும் அடிப்படை அமைப்பு அதேதான்.

ஆனால் பலர் மனத்தில் வைத்திருக்கும் அந்தப் ‘பழைய சத்தம்’ பாதிக்கு மேல் தந்தியில் இருக்கிறது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 பிரிசிஷனில் கனமான ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான கம்பி சுற்றிய, வழுவழுப்பான) தந்திகளைப் போட்டு, எளிதில் மாற்றாமல், பிரிட்ஜ் (உடலில் தந்திகள் முடியும் இடம்) மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு அழுத்தும்படி வைத்து, ஒற்றைச் சுட்டுவிரலால் வாசித்தார். ஸ்வரம் தொடங்கும்போது ‘தும்’ என்று கனமாக விழும், நீளாமல் அடங்கும், அடுத்ததற்கு இடம் விடும். உங்கள் பேஸில் இப்போது புதிய ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) தந்தி இருந்தால் வாசித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு செட் ஃப்ளாட்வவுண்டும், பிரிட்ஜுக்குச் சற்று முன்னால் ஒரு விரல் அகலப் பஞ்சும் போதும். இன்றைய புதிய பிரிசிஷன்கூட அந்தப் பக்கம் வெகுதூரம் போய்விடும். அதைத் தெரிந்துகொண்டு வாங்குகிறவர்தான் சரியான விலைக்கு வாங்குவார்.

ஆம்ப்பின் கவர்ச்சி வேறு வகை. பேஸின் கீழ் இ தந்தி நொடிக்கு 41 தடவை அதிர்கிறது. அந்தக் காலத்து 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டு, மூடிய பெட்டிக்குள் இருந்துகொண்டு, அதைச் சரியாகக் கொடுக்க முடியாது. நாம் கேட்பது பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 82-உம் அதற்கு மேலுள்ளவையும். அடித்தளத்தைக் காதே நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் பேஸ் கிட்டார், டிரம்மோடு முட்டிக்கொள்ளாமல் ஒலிப்பதிவில் தனியாகத் தெரிகிறது. கூடவே, 50 வாட் வால்வு ஆம்ப்பைச் சற்றுத் தள்ளினால் சத்தம் ஏறாமல் தடிக்கத் தொடங்கும். இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: பலமான டிரம்மரோடு மேடையில் வாசிக்க இந்த ஆம்ப் மட்டும் போதாது. அந்தத் தேவைக்காகத்தான் ஆம்பெக் நிறுவனம் 1969-இல் 300 வாட் எஸ்.வி.டி.யைச் செய்தது. பேஸ்மேனை வீட்டுக்கும் ஸ்டுடியோவுக்கும் என்று நினைத்து வாங்குங்கள்.

இனி பேஸைக் கையில் எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கழுத்து. தலைப்பக்கத்திலிருந்து உடல்வரை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே மாதிரி போக வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள். முறுக்கலைச் சரிசெய்வது பெரிய மரவேலை. அடுத்து, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். ஒரு தடித்த விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. ஒரு மில்லிமீட்டருக்குமேல் இருந்தால் டிரஸ் ராடு (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) இன்னும் திரும்புகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள். இந்த மாடலில் திருகும் முனை கழுத்தின் அடியில், உடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது. தந்தியைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, கால் சுற்று திருகி, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். நான்கு தந்திகளும் சேர்ந்து 75 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. ஐம்பது வருடம் இழுத்த இழுப்பில் ராடு கடைசிவரை இறுகிப்போயிருந்தால் மேற்கொண்டு திருகுவது அதை முறிக்கத்தான் உதவும். கழுத்தின் கடைசி ஐந்தாறு ஃப்ரெட் மட்டும் மேல்நோக்கித் தூக்கியிருப்பதும் பழைய பேஸில் அடிக்கடி வரும் கோளாறு. அதை ராடு சரிசெய்யாது. ஃப்ரெட்டைப் பிடுங்கி, பலகையைச் சீவி, புது ஃப்ரெட் போட வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கழுத்தைக் கழற்றச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். நான்கு ஸ்க்ரூதான். அடியில் முத்திரையோ எண்ணோ இருக்கலாம். பின்பக்கத் தகட்டில் உள்ள சீரியல் எண்ணை மட்டும் நம்பி வருடத்தை முடிவு செய்யாதீர்கள். தகட்டை யாரும் எந்தப் பேஸிலும் மாட்டிவிடலாம். அதைவிட உறுதியான சாட்சி பிக்கார்டுக்கு (உடலின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் தகடு) அடியில் இருக்கிறது. வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் முதுகில் ஏழு இலக்க எண் அடித்திருப்பார்கள். 1377312 என்று இருந்தால் 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தின் குறி, 73 என்பது வருடம், 12 என்பது வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் நிறுவனம். கண்ட்ரோலின் தேதி பேஸின் தேதிக்குச் சற்று முன்னால் இருப்பது இயல்பு. பின்னால் இருந்தால் மாற்றப்பட்டது என்று பொருள். ஈயப் பற்றையும் பாருங்கள்: பழையது மங்கிச் சாம்பல் நிறத்தில் இருக்கும், அண்மையில் தொட்டது பளபளக்கும், பக்கத்தில் பழுப்புப் பிசின் ஒட்டியிருக்கும்.

பிக்கார்டு திறந்திருக்கும்போதே பிரிட்ஜ் பக்கம் மரத்தில் கூடுதலாகக் குழி தோண்டியிருக்கிறதா என்று பாருங்கள். எழுபதுகளில் பலர் ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் பேஸின் பிக்கப் ஒன்றை அங்கே சேர்த்தார்கள். பிறகு குழியை அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கலாம். மறுபடி பெயிண்ட் அடித்த பேஸ் ஏறக்குறைய பாதி விலைக்குத்தான் போகும் என்பது சந்தை வழக்கு. வாசிக்க மட்டும் வாங்குகிறவருக்கு அது நல்ல வாய்ப்பு. இன்னொரு சிறு அடையாளம்: விரல் தாங்கும் கட்டை 1974-க்கு முன்பு மெல்லிய தந்திப் பக்கம் இருந்தது, அதன் பிறகே தடித்த தந்திப் பக்கம் வந்தது. உங்கள் பேஸில் தடித்த பக்கம் இருந்தால் மறுபக்கம் பழைய ஓட்டை இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிக்கப்பைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். கண்ட்ரோல்களை முழுக்கத் திறந்து, வயரை ஜாக்கில் செருகி, மறுமுனையில் ஓம் அளவைப் பாருங்கள். 10 முதல் 12 கிலோ ஓம் வந்தால் நலம். பிரிசிஷனில் இரண்டு சுருள்களும் தொடராக இணைந்தவை. ஒன்று அறுந்தாலும் சத்தம் போய்விடும், மீட்டரில் 250 கிலோ ஓம் பக்கம் காட்டும். அப்போது நீங்கள் அளப்பது வால்யூம் கண்ட்ரோலைத்தான். சுருள் அறுவதற்குக் காரணம் துரு. ஃபெண்டர் முறையில் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நேரே காந்தத்தின் மேலேயே சுற்றுகிறார்கள்; நடுவில் அரக்குப் பூச்சு மட்டும். காந்தம் துருப்பிடித்துப் புடைத்தால் கம்பி நறுக்கென்று விட்டுப்போகும். சென்னையின் கடற்காற்றில் இது உங்களுக்கு முக்கியம்: வாசித்து முடித்ததும் தந்தியையும் பிக்கப்பையும் துடைத்துப் பெட்டிக்குள் வையுங்கள், பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் போடுங்கள்.

இனி ஆம்ப். இதில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. 1966 பேஸ்மேன் இரண்டு பின் வயரோடு வந்தது, எர்த் கிடையாது. பின்பக்கம் ‘கிரவுண்ட்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதிலிருந்து 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று மெயின் கரண்டையும் தகட்டுச் சட்டத்தையும் இணைக்கிறது. அது ஷார்ட் ஆனால் மெயின் கரண்ட் சட்டத்துக்கு வந்து, பேஸின் தந்திவரை ஏறும். ஒரு கையால் தந்தியையும் மறுகையால் எர்த் ஆன மைக்கையும் தொட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகும். அந்தக் கண்டன்சரை எடுத்துவிட்டு, மூன்று பின் வயர் போட்டு, பச்சை வயரைச் சட்டத்தில் தனி நட்டில் இறுக்குவதுதான் முதல் வேலை. ‘ஒரிஜினல்’ போய்விடுமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எடுத்த பாகங்களை ஒரு கவரில் போட்டு ஆம்ப்போடு வைத்தால் போதும், மதிப்பு குறையாது.

இரண்டாவது, சட்டத்தின் மேல் தகர மூடிக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்கள். அறுபது வருடத்தில் உள்ளேயுள்ள ஈரம் காய்ந்திருக்கும். முதலில் ஆம்ப் உறுமும். ஒருநாள் ஷார்ட் ஆகும். அப்போது கூடவே பவர் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துக்கொண்டு போகும். சில நூறு ரூபாய்ப் பாகம் ஈடு செய்ய முடியாத பாகத்தைக் கொல்லும் இடம் இது. மொத்தத்தையும் மாற்றுங்கள்: முன்பிருந்த மதிப்பே இருக்கட்டும் (20-க்குப் பதில் 22 மைக்ரோஃபாரட் போடலாம்), வோல்ட் தாங்கும் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. பயாஸ் பகுதியில் (பவர் வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பகுதி) தனியாக உள்ள சிறிய எலக்ட்ரோலிடிக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது செத்தால் பவர் வால்வுகள் கட்டுப்பாடு இழந்து அவற்றின் உள்தகடு செக்கச் சிவக்கும். சிறிய நீல நிறக் கண்டன்சர்களை மட்டும் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும், சத்தத்தின் குணமும் அவற்றில் இருக்கிறது. பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் அளந்தால் மைனஸ் 45 முதல் 52 வோல்ட் வரை நிலையாக இருக்க வேண்டும். அது பூஜ்யத்தை நோக்கி நகர்ந்தால்தான் நீலக் கண்டன்சர் கசிகிறதா என்று தேட வேண்டும்.

பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம் என்பதால், வால்வு ஆம்ப் பழகிய டெக்னீஷியனிடம் இதைக் கொடுங்கள். அவர் முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைப்பார். எல்.இ.டி. பல்பு உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். 6எல்6 வால்வுகளின் பயாஸை, உள்தகட்டில் 430 வோல்ட் இருந்தால், வால்வுக்கு 40 முதல் 45 மில்லியாம்பியரில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் ஒரு நொடிகூட வாசிக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். இந்த ஆம்ப்புக்கு 4 ஓம் பெட்டி வேண்டும்.

டிரான்ஸ்ஃபார்மர் அசலா என்று அறிய அதன் மேல் 606 என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். அது ஷூமேக்கர் நிறுவனத்தின் குறி, அடுத்து வருடமும் வாரமும். ஸ்பீக்கரில் 220 என்றால் ஜென்சன், 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்டு.

சென்னையில் ஓடும், ஆனால் நேரே செருகினால் புகைந்துவிடும். அங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இது ஏறக்குறைய 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. 500 வி.ஏ. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், இரண்டு தனிச் சுருள் உள்ளதாக, எர்த் பின் தொடர்ச்சியாக உள்ளதாக. ஹெர்ட்ஸ் குறைந்தால் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு கூடுதல் பாரம் சுமக்கும், சூடாகும். அதனால் 120-ஐவிட 110 வோல்ட் கொடுக்கும் ஸ்டெப்-டவுன்தான் இங்கே பாதுகாப்பு. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கைவைக்க முடியாத அளவு சுட்டால், 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்கான புதிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, பழையதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

கப்பலிலோ விமானத்திலோ அனுப்பும்போது வால்வுகளைக் கழற்றி, எந்தச் சாக்கெட்டில் எது என்று எழுதித் தனியே சுற்றுங்கள். தந்தியை முழுக்கத் தளர்த்தாமல் இரண்டு ஸ்வரம் இறக்கினால் போதும். சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு வாரம் பேஸை அந்த வீட்டுக் காற்றில் பழகவிட்டு, அதற்குப் பிறகே டிரஸ் ராடைத் தொடுங்கள்.