ஜெய்ப்பூரில் இரண்டு நாள்: டிக்கெட், ரஜாய், மரகதம்

கேள்வி: ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு ஜெய்ப்பூர் போகிறோம். நான், கணவர், முழங்கால் வலி உள்ள மாமியார். ‘ஒரே நாளில் ஏழு இடம், எல்லாக் கட்டணமும் சேர்த்து’ என்று ஓட்டலில் ஒரு கார் பேக்கேஜ் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த மாதிரி ஏழில் இரண்டு கடையாக இருக்கும். ஜல் மஹாலையும் ஒன்றாகக் கணக்கில் சேர்ப்பார்கள். அது ஏரிக்கரையில் நின்று பார்க்கிற இடம், அதற்குக் கட்டணமே இல்லை.

மாநிலத் தொல்லியல் துறையின் கூட்டு டிக்கெட் ஒன்று இருக்கிறது. ஆமேர் கோட்டை, ஹவா மஹால், ஜந்தர் மந்தர், ஆல்பர்ட் ஹால், நஹர்கர் எல்லாம் அதில் அடக்கம். இரண்டு நாள் செல்லும். முதலில் போகிற இடத்திலேயே வாங்கிவிடுங்கள். சிட்டி பேலஸும் ஜெய்கர் கோட்டையும் மட்டும் அதில் வராது. அவை அரச குடும்பத்தின் அறக்கட்டளைகள் வசம் இருப்பதால் தனிச் சீட்டு. ‘எல்லாக் கட்டணமும் சேர்த்து’ என்பவரிடம் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது ஜந்தர் மந்தர்தான். 1727இல் இந்த நகரை நிறுவிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டிய வானியல் கூடம். அங்குள்ள சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயர சூரியக் கடிகாரம். அதன் நிழல் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெயில் இல்லையென்றால் பார்க்க ஒன்றுமில்லை, ஆகவே நண்பகலை ஒட்டிப் போங்கள். குளிர்காலத்தில் அந்த வெயில் இதமாகவே இருக்கும். வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதானால் இங்கே கொடுங்கள், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு. அவர் இல்லாமல் அது வெறும் சிமென்ட் சறுக்குமரம் மாதிரிதான் தெரியும். கடிகாரம் உங்கள் கைக்கடிகாரத்துக்கு அரை மணி நேரம் போலப் பின்தங்கிக் காட்டும். அது உள்ளூர்ச் சூரிய நேரம்.

ஹவா மஹாலுக்கு வாசல் பின்பக்கம். மேல் மாடிகளுக்குப் பெரும்பாலும் படிகள் கிடையாது, சரிவுப் பாதைதான் என்பதால் மாமியாரால் மெதுவாக ஏறிவிட முடியும். ஆமேரில் ஏற்றமும் படியும் அதிகம். மேலே போக ஜீப் கிடைக்கும். யானைச் சவாரி எதற்கு? யானைக்கும் சுகமில்லை, உங்களுக்கும் இல்லை.

கேள்வி: ஆட்டோக்காரர் ‘அரசு அங்கீகாரம் பெற்ற கடை’ என்று ஓர் இடத்துக்கு அழைத்துப் போவாராமே? நம்பி வாங்கலாமா? என்னென்ன வாங்கலாம்?

பதில்: ‘அரசு அங்கீகாரம்’ என்று காட்டுவது பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழாக இருக்கும். வரி கட்டும் எந்தக் கடைக்கும் அது உண்டு, சரக்கின் தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களை அழைத்து வந்தவருக்குப் போகும் கமிஷனையும் நீங்கள்தான் கொடுக்கப் போகிறீர்கள். ‘சும்மா பாருங்கள், வாங்க வேண்டாம்’ என்றாலும் இறங்காதீர்கள்.

பழைய நகரத்தில் நடந்தே வாங்கலாம். சனிக்கிழமையே முடித்துவிடுங்கள், ஜோஹரி பஜாரில் ஞாயிறன்று பல கடைகள் திறப்பதில்லை.

கை அச்சுத் துணியா என்று பார்க்க ஒரு வழி: துணியைத் திருப்புங்கள். கட்டையால் அச்சடித்ததில் சாயம் பின்பக்கமும் ஓரளவு இறங்கியிருக்கும். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நூலிழை விலகல் இருக்கும். எல்லாம் அளவெடுத்த மாதிரி ஒன்றுபோல இருந்தால் அது திரை அச்சு. திரை அச்சு கெட்டதல்ல, ஆனால் அதற்குக் கை அச்சின் விலை கொடுக்கக் கூடாது. வெள்ளைத் தரையில் சின்னப் பூக்கள் சாங்கானேர் வேலை. அவுரி நீலமும் கருஞ்சிவப்புமாக மண் பூசி அச்சடிப்பது பக்ரு வேலை. இரண்டும் ஜெய்ப்பூர் பக்கத்து ஊர்கள்.

ஜெய்ப்பூர் ரஜாய் என்கிற மெல்லிய பஞ்சுப் போர்வைக்கு நல்ல பெயர். கடைக்காரர் ‘கால் கிலோ பஞ்சுதான்’ என்று வீசிக் காட்டுவார். உள்ளே பஞ்சா, பாலியஸ்டரா என்பதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. ‘பார்சலில் அனுப்பி வைக்கிறோம்’ என்பதை ஏற்காதீர்கள். கையோடு வாங்கி வாருங்கள். காட்டியது ஒன்று, வீட்டுக்கு வந்தது வேறு என்று எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் பார்சலைப் பற்றியவையே.

இரண்டையும் விட நான் சிபாரிசு செய்வது அரக்கு வளையல். மணிஹாரோன் கா ராஸ்தா என்ற சந்தில் கண்ணெதிரே கரி அடுப்பில் அரக்கை இளக்கி, உங்கள் கை அளவுக்கே செய்து தருவார்கள். என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதால் ஏமாற இடம் குறைவு.

கேள்வி: போன மாதம் அங்கே ‘மரகதம்’ என்று ஒரு மோதிரம் வாங்கினேன். எங்கள் ஊர் நகைக்கடையில் கண்ணாடி என்கிறார்கள். பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று இருக்கிறது. அவ்வளவுதானா?

பதில்: இல்லை. அந்த வாசகம் குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. ஆகவே நாளைக் கடத்தாமல் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நகைக்கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது; ரத்தினக்கல் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல கடைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும்.

வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காக ஜெய்ப்பூருக்கு அலைய வேண்டாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. ‘இதையே வேறு நாட்டில் இரண்டு மடங்குக்கு விற்கலாம்’ என்று சொல்லி விற்றிருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். அந்த ஊரில் பல காலமாக நடக்கும் மோசடி அது.

கேள்வி: மூடுபனியால் விமானமோ ரயிலோ தாமதமானால் பணம் கிடைக்குமா?

பதில்: வானிலையால் விமானம் ரத்தானால் நஷ்டஈடு இல்லை. ஆனால் மாற்று விமானமோ டிக்கெட் பணமோ தந்தாக வேண்டும். பனி பெரும்பாலும் காலை பத்து, பதினொன்றுக்குள் விலகிவிடும் என்பதால் மதியத்துக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள். ஓட்டல் அறையை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யாவிட்டால் முழுப் பணமும் திரும்பும். நீங்கள் ஏற வேண்டிய நிலையத்திலிருந்து ரயில் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர், அதாவது டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கும் மனு, பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பி வந்து ஆற அமரப் பதிவு செய்தால் கிடைக்காது.