அப்பாவின் பீட்டில் முற்றத்திலேயே நிற்க வேண்டும் என்றால்

கேள்வி: ஐயா, அப்பா காலமாகி ஏழு மாதம் ஆகிறது. அவருடைய 1973ஆம் வருடத்து ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் வீடு. காரேஜ் கிடையாது, வண்டி முற்றத்தில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், ஈஸ்டர் சமயத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கும் எடுத்துப் போவேன். போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய டாட்சன் பக்கியை (பின்னால் சாமான் ஏற்றும் சிறு வண்டி) ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்விட்டார்கள். வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் போட்டால் போதும் என்கிறான் என் தம்பி. வண்டியின் பழைய அழகு கெடாமல் நான் முதலில் எதைச் செய்வது?

பதில்: டிராக்கர் நல்லதுதான் அம்மா, போடுங்கள். ஆனால் அது வேலை செய்ய ஆரம்பிப்பதே வண்டி போன பிறகுதான். பழைய வண்டியைத் திருடுகிறவர்களில் பலர் அதை ஓட்டுவதற்காக எடுப்பதில்லை. கதவு, பம்பர், எஞ்சின் என்று பிரித்து விற்கத்தான் எடுக்கிறார்கள். பிரித்த பிறகு இருக்கும் இடம் தெரிந்தாலும் திரும்பி வருவது வெறும் கூடு. அதனால் நான் முதலில் கேட்பது, வண்டி அந்த முற்றத்தைத் தாண்டாமல் இருக்க என்ன வழி என்றுதான்.

இப்போது வரும் கார்களில் சாவிக்குள் ஒரு சிப் இருக்கும். அது பேசினால்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் விடும். உங்கள் பீட்டிலில் அப்படி ஒன்றும் இல்லை. எஞ்சினைப் பொறுத்தவரை சாவி என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். தீப்பொறிக்கு மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கும் காயிலுக்கும், எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டருக்கும் கரண்ட் வேறு வழியில் போய்ச் சேர்ந்தால் சாவியே தேவையில்லை. இதைத் தடுக்க நம் ஆட்கள் பெரும்பாலும் செய்வது, சாவியிலிருந்து காயிலுக்குப் போகும் வயரை வெட்டி நடுவில் ஒரு சுவிட்ச் வைப்பது. இந்த வேலை எனக்குப் பிடிக்காது. திருடன் புது வயர் ஒன்றை நேராகக் காயிலில் மாட்டினால் உங்கள் சுவிட்சுக்கு அங்கே வேலையே இல்லை.

நான் செய்வது வேறு. காயிலில் இரண்டு முனைகள் உண்டு. பாஷ் காயிலில் 15 என்று போட்டிருப்பது கரண்ட் வரும் முனை, 1 என்று போட்டிருப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டுக்குப் போகும் முனை. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் பாகம், பாயிண்ட் என்பது அதற்குள் திறந்து மூடும் சின்னத் தொடுமுனை. பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு தடவையும்தான் தீப்பொறி பிறக்கும். அந்த 1ஆம் முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து, ஒரு மறைவான சுவிட்ச் வழியாக வண்டியின் உடம்போடு எர்த் செய்துவிடுங்கள். சுவிட்சைப் போட்டால் பாயிண்ட் திறந்தாலும் மூடினாலும் காயிலுக்கு ஒன்றுதான், பொறி வராது. திருடன் எத்தனை வயர் மாட்டிக் கரண்ட் கொடுத்தாலும் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பழைய வண்டிதானே, பெட்ரோல் இறங்கவில்லை போல என்று நினைத்துச் சுற்றிக்கொண்டே இருப்பான்.

டோங்காட்டில் ஒருவருடைய கோர்ட்டினா காருக்கு இப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். ஒருநாள் விடியற்காலை எனக்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால் டிரைவர் கதவு பாதி திறந்து கிடக்கிறது, டேஷுக்குக் கீழே வயர்கள் குடல் மாதிரி தொங்குகின்றன, பேட்டரி சுத்தமாக இறங்கிப் போயிருக்கிறது. அவ்வளவு நேரம் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். வண்டி மட்டும் நிறுத்திய இடத்தில் நிற்கிறது. அந்த மனிதர் பானெட்டில் கை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார்.

இதில் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சுவிட்சை டேஷுக்குக் கீழே வைக்காதீர்கள், திருடன் கை முதலில் போவது அங்கேதான். சீட் தண்டவாளத்துக்குப் பக்கத்திலோ, பின் சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் பள்ளத்திலோ வைக்கலாம். பீட்டிலில் காயில் பின்னால் ஃபேன் கூட்டின் மேல் பளிச்சென்று தெரியும், அதனால் புது வயர் அங்கே தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. பழைய வயரின் நிறத்திலேயே ஒன்று வாங்கி, தொழிற்சாலை வயர்க்கட்டோடு சேர்த்துச் சுற்றச் சொல்லுங்கள். புதிதாக ஒரு ஓட்டைகூடப் போட வேண்டியதில்லை, நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அப்பா பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தால் இந்த முறை வேண்டாம், அந்த மாட்யூல் கெட்டுப்போகலாம். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. வெட்டி வைக்கும் சுவிட்ச் கெட்டால் வண்டி கிளம்பாது, உடனே தெரிந்துவிடும். எர்த் செய்யும் சுவிட்ச் கெட்டால் வண்டி ஒழுங்காக ஓடும், காவல் மட்டும் போயிருக்கும். டர்பன் கடல்காற்று உப்பு என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை சுவிட்சைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். எஞ்சின் பிடித்தால் சுவிட்சை மாற்றுங்கள். சோதித்த பிறகு சாவியை ஆனில் விட்டுவிடாதீர்கள், காயில் சூடேறும்.

சரி, கிளம்பாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாமே? போகலாம். பீட்டில் கனமான வண்டி இல்லை, நாலு பேர் சேர்ந்தால் சத்தமில்லாமல் தெருவுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிடுவார்கள். முற்றத்துத் தரையில் கான்கிரீட்டுக்குள் ஒரு கனமான இரும்பு வளையத்தைப் புதைத்துவிடுங்கள். சாதாரண பீட்டில் என்றால் முன்னால் குறுக்கே இரண்டு தடித்த குழாய்கள் போகும், அதுதான் ஆக்ஸில் பீம். சங்கிலியை அதில் சுற்றிப் பூட்டுங்கள். பம்பரில் கட்டினால் பம்பர்தான் மிஞ்சும். பெயிண்டில் உரசாமல் இருக்க சங்கிலியைப் பழைய தோட்டக் குழாய்க்குள் நுழைத்துவிடலாம். சூப்பர் பீட்டிலில் இந்த பீம் கிடையாது, அதற்குச் சக்கரப் பூட்டுதான்.

கேட்டையும் பாருங்கள். மோட்டார் வைத்த தள்ளு கேட்டை அப்படியே தண்டவாளத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். தூக்க முடியாதபடி மேலே ஒரு இரும்புத் துண்டு பொருத்தினால் போதும். மோட்டார் பேட்டரி பழசாகியிருந்தால் மாற்றுங்கள், மின்வெட்டில் திறந்தபடி நின்றுவிடக் கூடாது.

ஊருக்குப் போகிறீர்கள், வண்டி இரண்டு வாரம் சும்மா நிற்கும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே சுற்றும் ரோட்டர் என்ற சின்னத் துண்டை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை. ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புத் தடியையும் போடுங்கள். அது பெரிய தடை இல்லைதான், ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவன் கண்ணில் படும்.

இப்போது டிராக்கர். ஜிபிஎஸ், செல்போன் சிக்னலை அடைக்கும் கருவி திருடர்களிடம் உண்டு, அதனால் ரேடியோ அலையிலும் தேடக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருநாள் ஓடும் வண்டியில் டிராக்கர் பேட்டரியை மெல்ல மெல்லக் குடித்துவிடும். அதற்காக பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் வைத்தால் டிராக்கரும் சேர்ந்து தூங்கிவிடும்! டிராக்கரின் வயரை அதற்கென்று ஒரு ஃபியூஸோடு கட்-ஆஃபுக்கு முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள். பொருத்துகிறவர் இதைத் தானாகச் செய்வார் என்று நம்பியிராமல் நீங்களே கேளுங்கள். மைக்ரோடாட்டும் அடித்துவிடுங்கள். 2012 செப்டம்பரிலிருந்து புது வண்டிகளுக்கு அது சட்டப்படி கட்டாயம். உங்கள் வண்டியில் இருக்காது, ஆனால் விரும்பினால் அடித்துக்கொள்ளலாம். எண் பொறித்த பொடிப் பொடிப் புள்ளிகளைப் பசையோடு பல இடங்களில் தெளிப்பார்கள். பிரித்துப்போட்ட கதவுகூட யாருடையது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

இசிப்பிங்கோ கூட்டத்தில் நிறுத்தும்போது முக்கோணக் கண்ணாடியின் கொண்டியைப் பாருங்கள், பழைய பீட்டிலில் அதுதான் பலவீனமான வாசல். வழியில் யாராவது துப்பாக்கியைக் காட்டினால் மட்டும், சுவிட்சை மறந்துவிட்டு சாவியைக் கொடுத்து இறங்கிவிடுங்கள். உங்கள் அப்பா இருந்திருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஏழு மாதம் என்றீர்கள், வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா? இருந்தால் இந்த வாரமே அந்த வேலையைத் தொடங்குங்கள். இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகம் கொடுத்த கடிதத்தோடு போய் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டி காணாமல் போனால் இன்ஷூரன்ஸிலும் அலைச்சல், கிடைத்த வண்டியை போலீஸிடமிருந்து மீட்பதிலும் அலைச்சல். இன்ஷூரன்ஸை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். இல்லாவிட்டால் ஐம்பது வருடத்து வண்டி என்று சொல்லிச் சொற்பத் தொகையைக் கொடுத்துவிடுவார்கள்.

அதற்கு போட்டோ வேண்டும். பின் சீட்டைத் தூக்குங்கள், நடு மேட்டில் சேஸிஸ் எண் பொறித்திருக்கும். துணியால் துடைத்து, டார்ச் அடித்து ஒரு படம் எடுங்கள். வலது பக்கம் பேட்டரி இருக்கும். அதன் மேல் மூடி இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். மூடி இல்லாவிட்டால், பின்னால் கனமான ஆள் உட்காரும்போது சீட் ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டுத் தீப்பிடிக்கலாம். மூடி வாங்கிப் போடும்வரை பின்னால் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.