காந்தம் ஒட்டாததெல்லாம் வெள்ளி இல்லை
பழைய பொருள் விற்பனையில் வாங்கிய ஸ்பூன்களில் காந்தம் ஒட்டவில்லை, அதனால் வெள்ளிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். ஸ்பூன்களில் இருப்பதாக நீங்கள் சொல்லும் ஈ.பி.என்.எஸ். (EPNS) முத்திரைக்கு, நிக்கல் சில்வர் மேல் வெள்ளி முலாம் பூசியது என்று பொருள். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். அதிலும் காந்தம் ஒட்டாது.

ஸ்பூனைக் கவிழ்த்து, மேசையில் உரசும் அந்த முதுகுப் பகுதியைப் பாருங்கள். முலாம் தேய்ந்திருந்தால் அங்கே லேசாக மஞ்சள் தட்டும். அசல் வெள்ளி எவ்வளவு தேய்ந்தாலும் உள்ளேயிருந்து வேறு நிறம் வராது.

அடுத்த முறை, அசல் வெள்ளிக்கு அடையாளமான 925 என்ற எண்ணையோ (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று பொருள்), இங்கிலாந்துப் பொருளானால் நடக்கும் சிங்கத்தின் உருவம் பொறித்த முத்திரையையோ தேடுங்கள். மிகச் சிறியதாக இருக்கும், ஒரு பூதக்கண்ணாடி கையில் இருக்கட்டும்.

அப்புறம், கறுத்திருக்கிறதே என்று தயவுசெய்து அழுத்தித் தேய்க்காதீர்கள். மிஞ்சியிருக்கும் முலாமும் போய்விடும்.