டெக்கார்ட்டின் மனம்–உடல் பிரிவினைக்கு எதிரான மிக வலுவான வாதம் எது?

மனமும் உடலும் அடிப்படையிலேயே வேறான இரண்டு பொருள்கள் என்ற, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி டெக்கார்ட்டின் கொள்கைக்கு எதிராக எழுந்தவற்றுள் எந்த வாதம் மிக வலுவானது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வாதம் அவருடைய காலத்திலேயே, 1643-ஆம் ஆண்டு மே மாதத்தில், 24 வயதுப் பெண் ஒருவர் அவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது என்பதே என் பதில்.

அவர் பொகீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இளவரசி எலிசபெத். அவருடைய தந்தை ஐந்தாம் பிரெடெரிக் பொகீமியாவின் அரியணையில் ஒரே ஒரு குளிர்காலம் அமர்ந்து, 1620-இல் போரில் தோற்று நாடிழந்தவர்; குடும்பம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்தது. உடலின் இயல்பு இடத்தில் பரந்து விரிந்திருப்பது, மனத்தின் இயல்பு சிந்திப்பது, ஆகவே ஒன்றில்லாமல் மற்றொன்று இருக்க முடியும் என்று 1641-இல் டெக்கார்ட் வெளியிட்ட நூலை எலிசபெத் ஊன்றிப் படித்திருந்தார். கடிதத்தில் அவர் கேட்டது இதுதான்: சிந்திக்க மட்டுமே செய்யும் ஆன்மா, கையை உயர்த்து என்று உடலை எப்படி அசைக்கிறது?

இதைப் பொதுவான ஓர் ஐயமாக மட்டும் படித்துவிட்டுக் கடந்து போகிறவர்கள் உண்டு. அதன் கூர்மை டெக்கார்ட்டின் சொந்த இயற்பியலிலிருந்தே எடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். டெக்கார்ட்டிடம் எலிசபெத் சொல்வதன் சாரம் இது: ஒரு பொருள் அசைவது அது தள்ளப்படுவதாலோ, தள்ளும் பொருள் எந்த விதமாகத் தள்ளுகிறது என்பதாலோ, அந்தப் பொருளின் மேற்பரப்பின் தன்மையாலும் வடிவத்தாலுமோ தீர்மானிக்கப்படுகிறது. முதலிரண்டுக்கும் தொடுகை வேண்டும், மூன்றாவதற்கு விரிவு வேண்டும். ஆன்மாவுக்கு விரிவே இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பருப்பொருள் அல்லாத ஒன்று தொடும் என்பதும் பொருந்தவில்லை. அப்படியென்றால் அசைவு எங்கிருந்து வருகிறது? அவருடைய கருவிகளைக் கொண்டே அவருடைய கட்டடத்தை அளந்து பார்த்த கேள்வி இது.

டெக்கார்ட் இதைத் தட்டிக்கழிக்கவில்லை. தாம் வெளியிட்டவற்றைப் படித்த ஒருவர் மிக நியாயமாகக் கேட்கக்கூடிய கேள்வி இதுவே என்று ஒப்புக்கொண்டார். (இதையொத்த ஐயத்தை 1641-இலேயே எழுப்பிய பிரெஞ்சுத் தத்துவவாதி காசெந்திக்கு அவர் அளித்த பதில் கடுமையானது, எலிசபெத்திடம் அந்தத் தொனி இல்லை.) ஆனால் அவர் தந்த விளக்கம் ஒரு பழைய உவமை: கல்லின் கனம் எதையும் தொடாமலேயே கல்லைக் கீழே இறக்குகிறது என்று எண்ணுவதில் நமக்குச் சிரமம் இருந்ததில்லை, ஆன்மா உடலை அசைப்பதையும் அவ்வாறே கருதலாம் என்றார். கனத்தைப் பற்றிய அந்தக் கருத்து தவறு என்று உங்கள் இயற்பியலில் நீங்களே நிறுவப்போகும்போது, அதே கருத்தை நான் ஏன் துணைக்குக் கொள்ள வேண்டும் என்று ஜூன் மாதக் கடிதத்தில் எலிசபெத் திருப்பிக் கேட்டார். பருப்பொருள் அல்லாத ஒன்று உடலை அசைக்கும், உடலால் அசைக்கப்படும் என்று ஒப்புவதைவிட, ஆன்மாவுக்கே பருமையும் விரிவும் உண்டு என்று ஒப்புவது தமக்கு எளிது என்றும் எழுதினார்.

இந்த எதிர்ப்பு காலாவதியாகிவிட்டது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுடைய வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ஈர்ப்பு விதிக்குத் தொடுகை தேவைப்படவில்லை. அதன்பின் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூம், ஒரு பந்து மற்றொன்றை மோதும்போதுகூட 'இதனால் இது நிகழ்ந்தே ஆகவேண்டும்' என்னும் பிணைப்பை நாம் காண்பதில்லை, ஒன்றை அடுத்து மற்றொன்று வருவதை மட்டுமே காண்கிறோம் என்று காட்டினார். அனுபவத்திற்கு முன்பு எதுவும் எதையும் விளைவிக்கலாம் என்றால், எண்ணம் கையை அசைப்பது கல் கண்ணாடியை உடைப்பதைவிட அதிகப் புதிரானது அல்ல. சில ஆண்டுகள் இந்தப் பதிலே முடிவானது என்று நானும் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கையை இரண்டு காரணங்கள் மாற்றின. முதலாவது, நம் காலத்துத் தத்துவவாதி ஜேக்வான் கிம் முன்வைத்த இணைப்புச் சிக்கல். இரண்டு கற்கள் ஒரே நொடியில் எறியப்பட்டு இரண்டு கண்ணாடிகள் உடைந்தால், எந்தக் கல் எதை உடைத்தது என்பதைத் தொலைவையும் திசையையும் வைத்துச் சொல்லிவிடலாம். நியூட்டனின் ஈர்ப்புக்கும் தொலைவு வேண்டும். இடமே இல்லாத இரண்டு ஆன்மாக்கள் ஒரே நொடியில் ஒன்றையே விரும்பினால், எந்த விருப்பம் எந்தக் கையை உயர்த்தியது என்று பிரித்துச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. தொடுகையை விட்டுவிட்டாலும் இடத்தை விட முடியவில்லை. ஆகவே எலிசபெத்தின் கேள்வி தன் உருவை மாற்றிக்கொண்டு உயிரோடுதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம் அவருடைய ஜூன் கடிதத்திலேயே இருக்கிறது. பலரும் போதிய கவனம் தராத பகுதி அது. உடலின்றியே நிலைத்திருக்கக்கூடியதும் உடலோடு பொதுவானது எதுவும் இல்லாததுமான ஆன்மா, நன்கு பகுத்தறியும் பழக்கம் பெற்றிருந்தும், உடலில் எழும் சில ஆவிகளால் அந்தத் திறனை முற்றிலும் இழப்பது ஏன் என்று அவர் கேட்கிறார். 'ஆவிகள்' என்பது இங்கே பேய்களை அல்ல, உடலினுள் எழும் வாயுக்களைக் குறிக்கும் அக்கால மருத்துவத்தின் சொல். 30 ஆண்டுகள் கணிதம் கற்பித்த என் தந்தைக்கு ஒருமுறை இரத்தத்தில் சோடியம் குறைந்தபோது, அவரால் அன்றைய கிழமையைச் சொல்ல முடியவில்லை. ஏழையும் எட்டையும் கூட்டச் சொன்னால் பதிலுக்கு என் பெயரைச் சொன்னார். மருத்துவர்கள் சில நாட்களில் அந்த அளவை மெல்ல மெல்ல உயர்த்தினார்கள், அவரும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார். வலியையும் பசியையும் உடலின் பங்கு என்று ஒதுக்கிவிடலாம். கூட்டல் கணக்கை ஒதுக்க முடியாது, ஏனெனில் உடலிலிருந்து விடுபட்டது என்று டெக்கார்ட் கருதிய தூய சிந்தனை அதுவே. அந்த நாட்களுக்குப் பிறகு அந்தக் கடிதத்தை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை.

பின்னால் வந்த தத்துவவாதிகளை, எலிசபெத்தின் கேள்வியில் ஏதாவதொரு பகுதியை மறுத்துத் தப்பியவர்களாகப் படித்துப் பாருங்கள். மாலெபிராஞ்ச் மனமும் உடலும் ஒன்றையொன்று அசைப்பதையே மறுத்து, அந்த வேலையைக் கடவுளிடம் ஒப்படைத்தார். லைப்னிட்ஸ் இரண்டும் முன்பே இசைவிக்கப்பட்டவை என்றார். ஸ்பினோசா இரண்டு பொருள்கள் என்பதையே மறுத்தார். மூவரில் அவருடைய வழியே எனக்கு உகந்தது. டெக்கார்ட்டோ 1649-இல், எலிசபெத்துடன் நடந்த உரையாடலிலிருந்து விளைந்த உணர்ச்சிகள் பற்றிய நூலில், மூளையின் நடுவிலுள்ள பினியல் சுரப்பியை ஆன்மாவின் முதன்மை இருப்பிடமாக்கினார். அது கேள்வியை முழு உடலிலிருந்து ஒரு சிறு சுரப்பிக்கு நகர்த்தியதே தவிர, விடை தரவில்லை.

மனமும் உடலும் ஒன்றியிருப்பதை அறிவால் தெளிவாகக் காண முடியாது, அன்றாட வாழ்விலும் பேச்சிலும் புலன்களாலேயே அறிகிறோம் என்று 1643 ஜூன் இறுதியில் டெக்கார்ட் எழுதியிருந்தார். ஆன்மா உடலை அசைக்கிறது என்பதைப் புலன்கள் எனக்குக் காட்டுகின்றன, ஆனால் எப்படி அசைக்கிறது என்பதை அவை கற்றுத்தரவில்லை என்று ஜூலை முதல் நாள் எலிசபெத் பதில் எழுதினார். தம் கடிதங்கள் அச்சேறுவதை அவர் விரும்பவில்லை. 1680-இல் அவர் இறந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து, 1879-இல்தான் அவை வெளிவந்தன. ஆதலால் இடைப்பட்ட காலத்துத் தத்துவ வாசகர்கள் டெக்கார்ட்டின் பதில்களை மட்டும் படித்தார்கள். அவை எந்தக் கேள்விக்குப் பதில்கள் என்பதைக் கேட்டவருடைய சொற்களில் படிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.