குரல் இருக்கிறது, காகிதம் இருக்கிறதா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் அமெரிக்கப் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் போல சோல் (கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து வளர்ந்த அமெரிக்க இசை) பாடகி ஆக வேண்டும் என்கிறாள், படிப்பை விட்டுவிடுவாளோ என்று பயப்படுகிறீர்கள். அந்த அரீத்தாவின் தொழிலையே எடுத்துப் பார்ப்போம்.

டெட்ராய்ட்டில் அப்பா போதகராக இருந்த தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். 1960-இல், 18 வயதில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம். ஆறு வருடம் ஜாஸும் நாடக மேடைப் பாட்டுகளும் நிறையப் பாடினார். அருமையான குரல்தான், ஆனாலும் பெரிய வெற்றி வரவில்லை. அட்லான்டிக் என்ற இன்னொரு நிறுவனத்துக்கு மாறியதும் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரையே பியானோ முன் உட்கார வைத்தார். மற்ற வாத்தியங்கள் அவர் வாசிப்பைப் பின்தொடர்ந்தன. 1967 ஜனவரியில் அலபாமாவின் மசில் ஷோல்ஸில் முதல் பதிவு. அதே ஆண்டு ஜூனில் அவர் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ அமெரிக்கப் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடம்.

ஆகவே உங்கள் மகளுக்கு இப்போது தேவை இன்னொரு போட்டி மேடை அல்ல, ஒரு கீபோர்டு. தினம் முக்கால் மணி நேரம் போதும். ஒரே பாட்டை மூன்று சுருதியில் தானே வாசித்துப் பாடி, போனில் பதிவு செய்து கேட்கட்டும். எந்தச் சுருதியில் குரல் இறுகாமல் நிற்கிறது என்று ஒரு மாதத்தில் பிடிபடும். அசல் பாடகியின் சுருதியையே பிடித்துக்கொண்டு கத்துவதால்தான் பல பிள்ளைகளுக்குத் தொண்டை கெடுகிறது. கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைக் காட்டுங்கள், கஷாயத்தோடு விட்டுவிடாதீர்கள்.

கல்லூரியை விட வேண்டாம். ஒப்பந்தம் கையில் இருந்த அரீத்தாவுக்கே ஆறு வருடம் பிடித்தது. பட்டப்படிப்பு மூன்றே வருடம். பி.காம். படித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பாடகர்கள் ஏமாறுவது கணக்கில்தான்.

‘ரெஸ்பெக்ட்’ எழுதியவர் ஓடிஸ் ரெடிங். அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒலிபரப்புக்குப் பாட்டு எழுதியவர் தரப்புக்குத்தான் ராயல்டி (பாட்டைப் பயன்படுத்தும்போதெல்லாம் தரும் பங்குத் தொகை), பாடியவருக்குக் கிடையாது. எத்தனை ஆயிரம் முறை ஒலித்தாலும் அந்த வழியில் அரீத்தாவுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. இந்தியாவில் 2012 பதிப்புரிமைத் திருத்தம் பாடுபவருக்கும் ராயல்டி உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையை மொத்தமாக எழுதி வாங்கப் பார்க்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வழக்கறிஞரை வைத்துப் படியுங்கள்.

அட்வான்ஸ் பரிசு அல்ல, கடன் மாதிரி. 5 லட்சம் அட்வான்ஸ், 10 சதவீதம் ராயல்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு 30 லட்சம் ஈட்டினால் அவள் பங்கு 3 லட்சம். அது அட்வான்ஸில் கழிந்துவிடும். இன்னும் 2 லட்சம் கழியும்வரை கைக்கு எதுவும் வராது. ஸ்டுடியோ செலவையும் அவள் பங்கிலேயே பிடிப்பார்களா என்று கேளுங்கள். எத்தனை ஆல்பம், எத்தனை வருடம், நீட்டிக்கும் உரிமை யாருக்கு என்பதையும் பாருங்கள்.

அரீத்தா 2018-இல் காலமான பிறகு, அவர் கைப்பட எழுதிய தாள்கள்தான் உயிலாகக் கிடைத்தன. சோபா மெத்தைக்கு அடியில் இருந்த 2014-ஆம் ஆண்டுத் தாள் செல்லும் என்று ஜூரி சொல்ல 2023 ஆனது. மகளுக்கு இன்றே ஒரு ஃபைல் வாங்கிக் கொடுங்கள். நண்பர்களோடு சேர்ந்து பாட்டு உருவாக்கினால், பாட்டு வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்றைக்கே எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அதில் வைக்கட்டும்.