முதல் டாட்டூவுக்கு நல்ல ஆர்ட்டிஸ்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறீர்கள், முன்கையில் அம்மா பெயரைத் தமிழில் போட ஆசை, பாலக்காட்டுக்குப் போவதா கோயம்புத்தூருக்குப் போவதா, யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சித்தூர் தாலுகாதான், ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்பது பெரிய விஷயமில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு நாள் சும்மா போங்கள். வேறு ஒருவருக்குப் போடும்போது, அவர் சம்மதித்தால், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்ட்டிஸ்டின் கையை மட்டும் கவனியுங்கள். இன்ஸ்டாகிராமில் எத்தனை படம் பார்த்தாலும் தெரியாதது அதில் தெரிந்துவிடும்.

கையைக் கழுவிவிட்டுப் புதுக் கிளவுஸ் போடுகிறாரா? மெஷின், அதன் வயர், ஸ்ப்ரே பாட்டில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டுகிறாரா? ஊசி கார்ட்ரிட்ஜ் சீல் போட்ட கவரில் இருக்க வேண்டும். அதில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அதை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும். மையைச் சின்னக் கப்புகளில் ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும், பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றக் கூடாது. மையைக் கரைக்கக் குழாய்த் தண்ணீர் எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்ததும் ஊசி சாதாரணக் குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது, குத்தினாலும் துளை விழாத கெட்டி டப்பாவுக்குள் போக வேண்டும்.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது போன் வரும் நேரம். நடுவில் போன் அடிக்கிறது. ரத்தம் துடைத்த அதே கிளவுஸோடு போனை எடுத்துப் பேசி, வைத்துவிட்டு, மறுபடி தோலைத் தொடுகிறார் என்றால் அந்த இடம் வேண்டாம். அவர் வரைவதில் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. நல்லவர் போனை எடுக்கவே மாட்டார், இல்லையென்றால் கிளவுஸைக் கழற்றிப் போட்டுவிட்டு எடுப்பார், அப்புறம் புதுசு மாட்டுவார்.

சில கடைகளில் நீல விளக்கு எரியும் பெட்டியைக் காட்டி 'ஸ்டெரிலைஸ் பண்ணியாச்சு' என்பார்கள். அதை நம்பாதீர்கள். கழுவி மறுபடி பயன்படுத்தும் மெஷினின் உலோகப் பிடிக்கு ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிப் பெட்டிதான் வேண்டும்: 121 டிகிரி செல்சியஸ் நீராவி, 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். எல்லாமே ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுவது என்றால் இந்தக் கேள்வியே இல்லை.

நம் பக்கம் பாட்டிமார் கையில் பச்சை இல்லாத வீடு குறைவு. ஒரே ஊசியால் ஊரே குத்திக்கொண்ட காலம் அது. திருவிழாக் கடைகளில் இன்றைக்கும் ஒரே கிண்ணத்து மையில் வரிசையாகக் குத்துகிறார்கள். அங்கே மட்டும் உட்காராதீர்கள். ஊசி தோலுக்குள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இறங்குகிறது, ரத்தம் வரத்தான் செய்யும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி போதும். அதற்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. இதுவரை போடவில்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள், டாட்டூ காத்திருக்கட்டும். சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, காயம்பட்ட இடம் தடித்துப் புடைக்கும் உடம்பு என்றாலோ டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கைத்திறமைக்கு வருவோம். போட்டு முடித்த அன்று எடுத்த படத்தில் எல்லா டாட்டூவும் பளிச்சென்றுதான் இருக்கும். 'ஒரு வருஷம் ஆனது காட்டுங்கள், நம்ம நிறத்துத் தோலில் போட்டது காட்டுங்கள்' என்று கேளுங்கள். கோடு ஒரே கனமாக ஓடுகிறதா, ஓரத்தில் மை கசிந்து நிழல் மாதிரி பரவியிருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் போடப்போவது தமிழ் எழுத்து, அதனால் இன்னும் இரண்டு விஷயம். வருடம் போகப் போகக் கோடு கொஞ்சம் தடிக்கும். பொடியாக எழுதினால் ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். அம்மா பெயரில் அப்படி எழுத்து இருந்தால் அளவைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். அப்புறம், பாலக்காட்டு ஆர்ட்டிஸ்ட் பலருக்கும் மலையாளம்தான் வாசிக்கத் தெரியும். டிசைன் சாஃப்ட்வேர் சிலவற்றில் தமிழைப் போட்டால் கொம்பு, கால் எல்லாம் இடம் மாறி நிற்கும், அவருக்கு அது தெரியாது. எனவே பெயரைக் காகிதத்தில் கையால் எழுதிக் கொண்டுபோங்கள். குத்தும் முன் மாதிரி அச்சை, அதாவது ஸ்டென்சிலை, தோலில் ஒட்டியதும் எழுத்துக்கு எழுத்து நீங்களே படியுங்கள், நன்றாகத் தமிழ் தெரிந்த ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். பிழை இருந்தால் துடைத்துவிட்டு வேறு ஸ்டென்சில் ஒட்டச் சொல்ல வெட்கப்படாதீர்கள். அதற்கு முகம் சுளிக்கும் ஆள் நமக்குத் தேவையில்லை.

விலையைக் கடைசியாகக் கேளுங்கள். ராணுவம், துணை ராணுவத் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால், எந்த இடத்தில், எவ்வளவு பெரிய டாட்டூ வரை விடுகிறார்கள் என்று அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். ரத்த தானம் செய்கிறவர் என்றால், போட்டபின் ஒரு வருடம் கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.